வேகத்துக்கு ஒரு விலை, பிரதிக்கு ஒரு விலை



பசறையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். கணவருக்குத் தோட்டப் பக்கத்தில் பலசரக்குக் கடை. அரிசி, மா, சீனி, பருப்பு, தேங்காய் என்று எல்லாமே சம்பள நாள் வரைக்கும் கடனுக்குத்தான் போகும். முன்பு வீட்டுக்கு ஒரு பற்றுக் கொப்பி இருந்தது. மகன் படிப்புக்காகக் கொழும்புக்குப் போகுமுன் அத்தனை கொப்பிகளையும் கணனியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து கணக்குப் பார்ப்பவர் இந்தச் சகோதரிதான். இப்போது கணனி நன்றாக மெதுவாகிவிட்டதாம். ஒரு பெயரைத் தட்டிவிட்டு, அவருடைய கணக்கு திரையில் வருவதற்குள் ஆள் சாமானையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸிலும் ஏறிவிடுகிறார் என்று எழுதியிருந்தார்.

பதுளையில் கணனி திருத்துபவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் மூன்று வழி சொன்னாராம். முதலாவது, எஸ்.எஸ்.டி. எனப்படும் வேகமான புதுவகைச் சேமிப்பான், பெரிய அளவில் ஒன்று. இரண்டாவது, அதிலேயே சின்னது ஒன்றும், கூடவே பழைய வகை ஹார்ட் டிஸ்க் பெரியது ஒன்றும். மூன்றாவது, ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் தானாகவே எழுத வைக்கும் ஏற்பாடு. மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே காசு. "எது நல்லது என்று நீங்களே சொல்லுங்கள்" என்பது கேள்வி.

கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. "சில நேரம் உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தமும் கேட்கிறது."

அந்த வரியைப் படித்ததும் பதில் எழுத உட்காரவில்லை. தொலைபேசியை எடுத்து, வேறு எந்த வேலையும் செய்ய முன் கணக்கு முழுவதையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள், அதைக் கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொன்னேன். ஹார்ட் டிஸ்க்குக்குள் இருந்து வரும் அந்தச் சத்தம் பெரும்பாலும் அதன் கடைசிக் காலத்துச் சத்தம். உங்களில் யாருடைய வீட்டுக் கணனியிலாவது அப்படிக் கேட்டால், இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு முதலில் அந்த வேலையைப் பாருங்கள். கட்டுரை எங்கேயும் போய்விடாது.

இனிக் கேள்விக்கு வருவோம். கேட்பதற்குச் சின்னக் கடைக் கேள்விதான். ஆனால் வங்கிகளும் வைத்தியசாலைகளும் தேயிலைக் கம்பனிகளும் அரசாங்கங்களும் கோடிக் கணக்கான ரூபாவை வைத்துக்கொண்டு இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. எவ்வளவு வேகம் வாங்குவது, எவ்வளவு இடம் வாங்குவது, எத்தனை பிரதி வைப்பது. கையில் இருக்கும் காசோ ஒன்றுதான்.

ஹார்ட் டிஸ்க் ஏன் மெதுவானது என்று முதலில் பார்ப்போம். அதற்குள் ஒரு தட்டு சுழல்கிறது. சாதாரண வகை நிமிடத்துக்கு 7,200 தடவை, அதாவது வினாடிக்கு 120 தடவை சுற்றும். கேட்ட எழுத்து தட்டில் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சின்னக் கை நகர்ந்து போக வேண்டும். பிறகு அந்த இடம் சுழன்று கைக்குக் கீழே வரும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் இங்கொன்று அங்கொன்றாக எடுக்கச் சொன்னால் வினாடிக்கு ஏறத்தாழ 80 தடவைதான் அதனால் எடுத்துத் தர முடியும். எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, கையும் இல்லை. எல்லாம் மின்சாரம். அது வினாடிக்குப் பல்லாயிரம் தடவை எடுத்துத் தரும். அதனால்தான் ஒரே அளவு இடத்துக்கு அதன் விலை பல மடங்கு.

1956 இல் ஐ.பி.எம். கம்பனி முதன்முதலில் விற்ற ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. தோசைக் கல்லை விடப் பெரிய தட்டுகள். அவ்வளவும் சேர்ந்து பிடித்தது 50 லட்சம் எழுத்துகள். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஓரிரு படங்களுக்கே அந்த இடம் சரியாகிவிடும். இடத்தின் விலை அந்த அளவுக்குச் சரிந்திருக்கிறது. வேகத்தின் விலையும் சரிந்ததுதான், ஆனால் சுழலும் தட்டு சுழல்கிற வேகத்திலேயே நின்றுவிட்டது.

இப்போது நமது மலைக்கே உரிய ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ஒரு வரி. இத்தனை கிலோ, முழுப் பேரா, அரைப் பேரா. செக்ரோல் என்று நாமெல்லாம் அறிந்த பதிவு அது. சில தோட்டங்களில் இப்போது இலத்திரனியல் தராசு வந்து, நிறை நேரே கணனிக்குப் போகிறது. வருடத்தில் 300 நாள் வேலை என்று வைப்போம். பதினெட்டு வயதில் பேர் பதிந்த ஒரு பெண் ஊழியர் சேமலாப நிதியை எடுக்க உரிமை பெறுவது 50 வயதில். ஆணுக்கு 55. ஆக 32 வருடம். ஆயிரம் பேர், 300 நாள், 32 வருடம் என்றால் 96 லட்சம் வரிகள்.

ஒரு வரிக்கு நூறு எழுத்து என்றால் எல்லாம் சேர்ந்து ஒரு கிகாபைட் கூட வராது. உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோ இதைவிடப் பெரிது! ஒரு தோட்டத்தின் ஆயிரம் பேருடைய முப்பத்திரண்டு வருட உழைப்பு, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியின் இடத்தைக் கூடக் கேட்கவில்லை.

அந்த 96 லட்சம் வரிகளையும் ஹார்ட் டிஸ்க்கில் இங்கொன்று அங்கொன்றாகத் தேடி எடுத்தால், வினாடிக்கு 80 என்ற கணக்கில் 33 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். வினாடிக்கு ஐம்பதாயிரம் எடுக்கும் ஓர் எஸ்.எஸ்.டி.க்கு மூன்று நிமிடம் சொச்சம். ஆஹா, அப்படியானால் எஸ்.எஸ்.டி.யையே வாங்கிவிடலாம் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அதே ஹார்ட் டிஸ்க்கில் அதே வரிகளை ஒழுங்காக, ஒன்றன் பின் ஒன்றாக, புத்தகம் வாசிப்பது போல முதலிலிருந்து கடைசி வரை வாசித்தால் பத்து வினாடிக்குள் முடிந்துவிடும். கை அங்குமிங்கும் ஓட வேண்டியதில்லை அல்லவா? இது பலருக்குத் தெரியாத சங்கதி. மெதுவான டிஸ்க் எல்லா வேலைக்கும் மெதுவானது அல்ல. அலைய வைத்தால் மெதுவானது. வரிசையில் நடக்க விட்டால் அது நல்ல வேகம்.

எனவே பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. நீங்கள் குசினியில் செய்வதைத்தான் செய்கின்றன. உப்பும் மிளகாய்த் தூளும் அடுப்பு மேடையில். மாதச் சாமான் அலுமாரியில். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மட்டும் எடுக்கும் பெரிய சட்டி பரணில். இன்றைய கொழுந்து நிறை எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும், ஏனென்றால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்பார்கள். இந்த மாதத்துச் சம்பளக் கணக்கு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் போதும். பத்து வருடத்துக்கு முந்திய செக்ரோலை யார் தினமும் பார்க்கப் போகிறார்கள்? அது நாடாவுக்குப் போகலாம்.

நாடா என்றதும் பழைய கசெட் நினைவுக்கு வரும். ஏறக்குறைய அதேதான். கணனி நாடா செத்துவிட்டது என்று முப்பது வருடமாகச் சொல்கிறார்கள், அது இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது. எல்.டி.ஓ.-9 என்ற வகையில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு நாடாப் பெட்டி 18 டெராபைட் பிடிக்கும். அதாவது 18,000 கிகாபைட். விலை ஏறத்தாழ நூறு டொலர். அலுமாரியில் இருக்கும்போது மின்சாரமும் கேட்காது. ஆனால் கேட்டவுடன் தராது. எடுத்து, இயந்திரத்தில் போட்டு, சுற்றி, இடத்துக்கு வர வேண்டும். எழுதி வாசிக்கும் இயந்திரத்தின் விலையும் ஆயிரக் கணக்கான டொலர். வெளிநாட்டுக் கம்பனிகளிடம் வாடகைக்கு இடம் எடுத்தாலும் இதே கதைதான். அமேசான் கம்பனி 2019 இல் தொடங்கிய ஆழ்ந்த காப்பக சேவையில் ஒரு டெராபைட்டுக்கு மாதம் ஏறக்குறைய ஒரு டொலர்தான் கேட்டார்கள். மலிவுதான். ஆனால் திருப்பிக் கேட்டால் வந்து சேர 12 மணித்தியாலம் வரை ஆகும், அதற்குத் தனிக் காசும் உண்டு. வைப்பது மலிவு, எடுப்பது விலை.

இதுவரை சொன்னது வேகத்தின் கணக்கு. அதில் சிக்கனம் பிடிப்பதில் ஒரு தவறும் இல்லை. தவறு நடப்பது இதற்கு அடுத்த படியில்.

தென் கொரியாவில் நடந்ததைச் சொல்கிறேன். தேஜோன் நகரில் அந்நாட்டு அரசாங்கத்தின் தரவு நிலையம் இருக்கிறது. 2025 செப்டெம்பர் 26 ஆந் திகதி அங்கே லித்தியம் பற்றரிகளில் தீப்பிடித்து, அறுநூறுக்கும் மேற்பட்ட அரச சேவைகள் நின்றுவிட்டன. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேறிடத்தில் பிரதி இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்தன. எழ முடியாமல் போனது ஜி-டிரைவ் என்ற ஒன்று. 2018 முதல் அரச ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை மேசைக் கணனியில் வைக்காமல் அங்கே வைக்கும்படி கேட்கப்பட்டிருந்தார்கள். ஆளுக்கு 30 கிகாபைட். சுமார் ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் ஊழியர்களின் கோப்புகள், 858 டெராபைட், சாம்பலாகின. வெளியே ஒரு பிரதியும் இல்லை.

ஏன் இல்லை? அதிகாரிகள் சொன்ன காரணம் இது: அது பெருங் கொள்ளளவும் குறைந்த வேகமும் கொண்ட சேமிப்பு அமைப்பு, ஆகவே வெளிப் பிரதி எடுக்கவில்லை.

இதை இரண்டு முறை வாசியுங்கள். மெதுவான இடத்தில் வைத்த சாமான் என்பதனால் அது மதிப்புக் குறைந்த சாமானாகிவிட்டது! வருடத்தில் இரண்டு கல்யாணத்துக்கு மட்டும் போடும் நகை என்பதற்காக அதை யாராவது கோழிக் கூட்டில் வைப்பார்களா? அடிக்கடி எடுக்காததைத்தானே நாம் வங்கிப் பெட்டகத்தில் வைக்கிறோம். அடிக்கடி வேண்டுமா என்பது ஒரு கேள்வி. இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. முதலாவதுக்குப் பதில் சொல்வது வேகம். இரண்டாவதுக்குப் பதில் சொல்வது பிரதி. அங்கே இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள்.

நான் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 858 டெராபைட்டை 18 டெராபைட் நாடாவில் எழுதினால் 48 நாடாக்கள். உங்கள் வீட்டுப் பீங்கான் அலுமாரியின் ஒரே தட்டில் அடுக்கி விடலாம். நாடாக்களின் விலை மட்டும் ஐயாயிரம் டொலர் அளவில்தான் வரும். நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரே ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு அவ்வளவையும் எழுத, அதன் முழு வேகத்திலேயே 25 நாள் ஆகும். அதற்குள் கோப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பல இயந்திரம் வேண்டும், அன்றன்று மாறியதை மட்டும் பிரித்து எழுதும் ஏற்பாடு வேண்டும், அதைப் பார்க்க ஆள் வேண்டும். காசு நாடாவில் இல்லை, அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. அப்படியிருந்தும், ஓர் அரசாங்கத்துக்கு அது பெரிய காசா?

"கொரியாவை விடுங்கள், நம் நாட்டில்?" என்று கேட்பீர்கள். நம் நாட்டிலும் நடந்தது. 2023 ஆகஸ்ட் 26 இல் நமது அரசாங்க கிளவுட் அமைப்பை, கப்பம் கேட்கும் வகை வைரஸ் தாக்கியது. உள்ளே இருப்பதையெல்லாம் பூட்டிவிட்டு, திறப்பதற்குக் காசு கேட்கும் வகை. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச மின்னஞ்சல் பாவித்த சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைப்பை 12 மணித்தியாலத்துக்குள் மீட்டுவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த, போன கடிதங்கள் போனவைதான். பிரதி இருந்தது. ஆனால் அதுவும் அதே வலையமைப்பில் தொங்கிக்கொண்டிருந்ததால் வைரஸ் அதையும் பூட்டிவிட்டது. கழற்றி வைத்த பிரதி அந்தக் காலப் பகுதிக்கு இல்லை.

மின்னஞ்சலுக்குப் பாவித்த மென்பொருளோ 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதை மாற்ற 2021 முதலே எண்ணியிருந்ததாகவும், நிதித் தட்டுப்பாட்டாலும் முந்திய நிர்வாக சபையின் சில தீர்மானங்களாலும் தாமதமானதாகவும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் பிறகு சொன்னது. 2022 இல் நாடு இருந்த நிலை நமக்குத் தெரியும், காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றவர்கள் நாம். நிதி இல்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் ஒரு டிஸ்க்கில் எழுதி, வயரைக் கழற்றி, அலுமாரியில் வைப்பதற்கு எவ்வளவு நிதி வேண்டும்? அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ஒவ்வொரு நாளும் அப்படி வைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்கள்.

இங்கே பசறைச் சகோதரியின் மூன்றாவது வழியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாடு பழைய யோசனை. மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரு விலை கூடிய டிஸ்க்கின் வேலையை வாங்கலாம் என்று 1988 இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் எழுதியதிலிருந்து ரெய்ட் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. நல்ல ஏற்பாடு. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது கடையை நடத்தும். ஆனால் அது பிரதி அல்ல. நீங்கள் தவறுதலாக ஒருவருடைய கணக்கை அழித்தால், இரண்டிலும் அதே நொடியில் அழியும். கண்ணாடியில் உங்கள் உருவம் தெரிவது போல. நீங்கள் விழுந்தால் கண்ணாடியில் இருப்பவரும் விழுவார். ஒக்டோபர், நவம்பர் மாதத்துப் பின்னேர இடி ஒன்று மின்சார வயரில் வந்தால், ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டும் சேர்ந்தே போகும்.

கூகிள் கம்பனிக்கே இந்தப் பாடம் நடந்திருக்கிறது. 2011 பெப்ரவரியில் மென்பொருளில் ஒரு பிழை, ஜிமெயில் பாவிப்போரில் நூற்றுக்கு 0.02 பேருடைய பெட்டிகள் வெறுமையாகின. பல நகரங்களில் பல பிரதிகள் இருந்தும், அந்தப் பிழை பிரதிகளிலும் போய் அழித்துவிட்டது. கடைசியில் கடிதங்களை மீட்டது எதிலிருந்து தெரியுமா? நாடாவிலிருந்து. அலுமாரியில் இருந்த நாடாவுக்கு அந்தப் பிழை எட்டவில்லை. மெதுவாகத்தான் வந்தது, சிலருக்குச் சில நாட்கள் ஆயின. வந்ததே, அதுதான் விஷயம்.

இவ்வளவையும் நான் ஏன் செக்ரோலை வைத்துச் சொல்கிறேன் என்றால், ஊவாவில் இருப்பவர்களுக்குப் பழைய பதிவின் விலை புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டவர்கள், இந்த நாட்டில் தொடர்ச்சியாக இத்தனை வருடம் இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. தோட்டத்தில் இருந்தவர்கள் மட்டுமல்ல, இந்தியாவிலிருந்து வந்து பதுளை, பண்டாரவளைப் பஜார்களில் கடை வைத்திருந்த நம்மவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். ஏறத்தாழ 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மறுத்ததற்குக் காரணம் எல்லாம் காகிதம் இல்லை என்பது மட்டுமல்ல, அதற்குப் பின்னால் அரசியல் இருந்தது. ஆனால் காகிதம் இல்லாதவனை மறுப்பது மிகவும் சுலபம்.

பிறகு 2003 இல் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்து, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் உரிமை தந்தது. 39 வருடத்துக்கு முந்திய ஒரு திகதி! 1964 இல் செக்ரோலில் பெயர் எழுதிய கிளாக்கருக்கு அந்த வரி இப்படி ஒரு நாள் தேவைப்படும் என்று தெரிந்திருக்குமா? அவருக்கு அது அந்த மாதச் சம்பளக் கணக்கு. அவ்வளவுதான். இதற்கிடையில் 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992 இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளிடம் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அலுமாரிகளும் சேர்ந்து கைமாறின.

காகிதத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கறையான் அரிக்காமல், மழை படாமல் இருந்தால் எழுபது வருடம் கழித்தும் வாசிக்கலாம். ஹார்ட் டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை. செய்பவர்களே மூன்று முதல் ஐந்து வருடத்துக்குத்தான் உத்தரவாதம் தருகிறார்கள். ஆகவே பதினெட்டு வயதில் பேர் பதிந்த பிள்ளையின் பதிவு அவருடைய ஐம்பதாவது வயது வரை வாழ வேண்டுமானால், ஏறத்தாழ ஆறு தடவையாவது பழைய டிஸ்க்கிலிருந்து புதிய டிஸ்க்குக்கு மாற வேண்டும். ஆறில் ஒரு தடவை யாராவது "இந்தப் பழசை யார் கேட்கப் போகிறார்கள், இந்த முறை இடம் மிச்சம் பிடிப்போம்" என்று விட்டுவிட்டால் போதும். அந்தப் பெண்ணுக்கு அது அப்போது தெரியாது. ஐம்பதாவது வயதில் தெரியும். அவருடைய வரி கம்பனியின் கையில் இருக்கும் அமானிதம். அதற்கு ஆகும் இடமோ, முன்பே சொன்னேனே, கல்யாண வீடியோவை விடக் குறைவு.

எங்கே வைப்பது என்பதும் நம் மலையில் லேசான கேள்வி அல்ல. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, எத்தனை பேர் உள்ளே என்பதற்குச் சரியான எண் கிடைக்கவில்லை. முதல் நாள் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், சரிபார்க்கச் சரிபார்க்க எண் இறங்கியது. வீடுகளோடு அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் மண்ணுக்குள் போயின. அவற்றை மறுபடி எடுக்க முடிந்தது, பதிவேடு வேறிடத்தில் இருந்ததால். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்தில் மறுபடியும் மலைகள் சரிந்தன, வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. அந்த நாட்களில் கொழும்பில் பத்திரமாக இருக்கும் பிரதியால் இங்கே ஒரு பில்லும் போட முடியாது. இங்கே மட்டும் இருக்கும் பிரதியோ மண்ணோடு போகலாம். வேலைக்குக் கிட்ட ஒன்று, ஆபத்துக்குத் தூர ஒன்று என்று இரண்டும் வேண்டியிருப்பது அதனால்தான்.

இனிப் பசறைச் சகோதரிக்கு என் பதில். இரண்டாவது வழியை எடுங்கள், ஒரு மாற்றத்தோடு. சின்ன எஸ்.எஸ்.டி.யைக் கணனிக்குள் போடுங்கள். உங்கள் கடைக் கணக்குக்கு அது தாராளம், ஆள் பஸ் ஏறுமுன் பில் வந்துவிடும். அந்தப் பெரிய ஹார்ட் டிஸ்க்கைக் கணனிக்குள் பூட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே காசுக்கு, வெளியே செருகிக் கழற்றும் வகையில் சிறியதாக இரண்டு கேளுங்கள். ஒன்றில் ஒவ்வொரு நாளும் கடை மூடும்போது பிரதி எடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டு போங்கள். மற்றது பதுளை டவுனில் இருக்கும் உங்கள் ராத்தா வீட்டில் இருக்கட்டும். மாதத்தில் ஒரு நாள் அங்கே போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, போகும்போது இதைக் கொடுத்து அதை வாங்கி வாருங்கள். வீடும் கடையும் ஒரே சரிவில் இருப்பதாகச் சொன்னீர்கள், ஆகவே அந்த மாதப் பயணத்தைத் தவறவிட வேண்டாம். பழைய பற்றுக் கொப்பிகளையும் எரித்துவிடாதீர்கள்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. புது டிஸ்க் வந்து முதல் வாரத்திலேயே, கடை ஓய்வாக இருக்கும் ஒரு பின்னேரம், கடைக் கணனியைத் தொடாமல், மகனுடைய மடிக்கணனியிலோ தெரிந்தவர் ஒருவரின் கணனியிலோ அந்தப் பிரதியைச் செருகி, போன வருட நோன்பு மாதத்துக் கணக்கு ஒன்றைத் திறந்து பாருங்கள். திறக்கிறதா, எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.